விழுந்தவர் பெயர்

விழுந்ததும் அவன் எழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான்.

மேலே, காப்பிச் செடிகளுக்கு அப்பால், நான்கு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். அவன் விழுந்த சத்தம் அங்கே எட்டவில்லை.

நல்லவேளை.

எழுந்தான். இடது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. அது கிடக்கட்டும். முழங்காலைத் தட்டினான். முழங்கையைத் தட்டினான். ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டான். சைக்கிளை நிமிர்த்தி ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாய்த்தான்.

தடத்தின் குறுக்கே, சருகுக்கடியில், மழையில் ஊறிய ஒரு வேர். அதில்தான் முன்சக்கரம் வழுக்கியது.

இந்த மலையில் அவன் விழுந்தது இதுதான் முதல் முறை.

ஏற்காட்டில் ஞாயிறுதோறும் சைக்கிளோடு காட்டுக்குள் இறங்குகிற அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடத்தில் முதலில் விழுகிறவர் யாரோ, அந்த இடத்துக்கு அவர் பெயர். வைத்தால் வைத்ததுதான். டாக்டர் வளைவு. மாதேஸ்வரன் பள்ளம். பூங்கோதை பாறை, சின்னது ஒன்று, பெரியது ஒன்று.

அவன் பெயரில் ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. அதைச் சொல்லிக் காட்டாமல் அவன் டீ குடித்ததில்லை. விழுகிறவர்களுக்குச் சைக்கிள் எதற்கு, தள்ளுவண்டி வாங்கித் தள்ளட்டும் என்பான்.

என்ன கூட்டம் இது என்று அவனுக்கு எப்போதும் இளக்காரம்தான். செங்கோட்டுவேல் பல் டாக்டர். கார் விலைக்குச் சைக்கிள் வாங்கி, மேடு வந்தால் அதைத் தோளில் சுமப்பான். மாதேஸ்வரன் தலையில் கேமரா கட்டிக்கொண்டு வருவான். எடுத்த படத்தில் பாதி மூச்சிரைப்புதான். பூங்கோதை பிடிக்கிற பிரேக்கில் காட்டெருமை எழுந்து ஓடும்.

நான்காவது ஆள் அர்த்தநாரி. ஐம்பது வயதில் சர்க்கரைக்குப் பயந்து சைக்கிள் ஏறிய வெல்ல மண்டிக்காரர். கல்லில் மோதினால் கல்லிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். முகத்துக்கு நேரே அண்ணன் என்பான். அவர் அந்தப் பக்கம் போனால் வெல்ல மூட்டை.

இப்போது விசில் அடிக்க வேண்டும்.

புதிதாக வெட்டிய தடத்தில் அவன்தான் முதலில் இறங்குவான். ஒரு விசில் என்றால் வழி சரி, ஓட்டி வரலாம். இரண்டு என்றால் இறங்கி நடந்து வர வேண்டும்.

நடந்து வந்தால் குனிந்து பார்ப்பார்கள். வேரில் பட்டை உரிந்திருக்கிறது. சேற்றில் அவன் சறுக்கிய கோடு பள்ளம்வரை கிடக்கிறது. செங்கோட்டுவேல் அதை எக்ஸ்ரே மாதிரி படித்துவிடுவான். மாதேஸ்வரன் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவான். இனி அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே எல்லோரும் இங்கே இறங்குவார்கள். பூங்கோதைகூட.

காலால் சருகைத் தள்ளி மூடிப் பார்த்தான். வேர் மூடிக்கொண்டது. கோடு மூடவில்லை.

அதன் மேல் இன்னொரு கோடு விழுந்தால் போதும்.

அடுத்து வர வேண்டியது அர்த்தநாரி. ஆக மெதுவானவர் இரண்டாவதாக வர வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம்.

மூட்டை விழுந்தால் என்ன, விழுவதற்கென்றே வருகிற ஆள்தானே என்று நினைத்துக்கொண்டான். விசிலை உதட்டில் வைத்தான்.

ஒன்று அடித்தான்.

ஒன்றோடு நிறுத்தினான்.

மேலே செயின் சத்தம் கேட்டது. இன்னும் நேரம் இருந்தது. கையைத் தூக்கிக் காட்டலாம். ஒரு சொல் கத்தலாம்.

அர்த்தநாரி வளைவில் தெரிந்தார். அவன் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. பிரேக்கிலிருந்து விரலை எடுத்தார்.

சக்கரம் வேரில் போனது. ஆள் அலறிக்கொண்டு பள்ளத்தில் போனார்.

அவரும் உடனே எழவில்லை. கன்னத்தைச் சேற்றில் வைத்தபடி கிடந்தார். கண் மட்டும் சுற்றிவந்தது. உரிந்த பட்டையைப் பார்த்தார். தன் சைக்கிள் போகாத பக்கத்தில் கிடந்த இன்னொரு சறுக்கலைப் பார்த்தார். அப்புறம் அவன் மணிக்கட்டைப் பார்த்தார்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அலறல் கேட்டு மற்ற மூவரும் சைக்கிளை மேலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். செங்கோட்டுவேல் அவரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. அதைக் கட்டிவிடலாம், வேறு ஒன்றுமில்லை என்றான். பயம் தெளிந்ததும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாதேஸ்வரன் கேமராவை அவர் பக்கம் திருப்பினான். விழுந்தவர் தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் பெயர் செல்லும்.

அர்த்தநாரி ரத்தத்தைத் துப்பினார்.

“நாந்தானுங்க. எனக்கு முன்னாடி இங்க யாரும் விழுகலீங்க.”

அர்த்தநாரி வேர் என்று பூங்கோதை பெயர் வைத்தாள். கைதட்டினார்கள். அவனால் தட்ட முடியவில்லை, தலையை ஆட்டினான். பிழைத்தோம் என்றிருந்தது. இதுகூடப் புரியாத மூட்டை என்றும் இருந்தது.

மூவரும் சைக்கிளை எடுக்க மேலே ஏறினார்கள். அர்த்தநாரி நொண்டியபடி அவனருகே வந்தார். வலது கையுறையைக் கழற்றினார்.

“கொஞ்சம் திரும்பி நில்லுங்க, தம்பி.”

திரும்பினான்.

பெரிய உள்ளங்கை ஒன்று அவன் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை, அழுத்தித் துடைத்துக்கொண்டு இறங்கியது. மறுபடியும் இறங்கியது. ஈர மண்ணும் சருகும் அவன் குதிகாலருகே விழுந்தன.

அர்த்தநாரி தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அவர் உதட்டில் ரத்தம் இருந்தது. கன்னம் முழுக்கச் சேறு இருந்தது. அதையெல்லாம் தொடவில்லை.

அந்தக் கையை மட்டும், விரல் இடுக்குவரை, கழுவினார்.