வராத நாளில் வாங்கிய அடி

அம்மாபேட்டை ஞானமேரிதான் இதை எனக்கு முதலில் சொன்னாள். போன தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வெளியே வரும்போது. நடந்தது அவள் மகள் வினோலியாவுக்கு.

வினோலியா நர்சிங் இரண்டாம் வருஷம். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி. பக்கத்தில் நர்ஸ் நிற்காமல் படிக்கிற பிள்ளைகள் ஊசி குத்தக் கூடாது என்பது அங்கே சட்டம். அவர்கள் குத்தாவிட்டால் வார்டில் யாருக்கும் ஊசி கிடையாது என்பது நடப்பு. முப்பத்தாறு கட்டிலுக்கு மலர்விழி சிஸ்டர் ஒருத்தர்தான்.

அன்று காலை கண்ணுசாமி என்ற பெரியவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன உடம்பு. நரம்பு சிக்கவே இல்லை. வினோலியா இரண்டு தடவை குத்திவிட்டாள்.

"எங்கப்பன் கையி உனக்குச் சல்லடையாட்டத் தெரியுதா?" என்றான் மகன் பூபதி. போர்வெல் வண்டி வைத்திருப்பவன். அதட்டியே பழகிய குரல்.

"கொஞ்சம் பொறுங்கண்ணா..."

பொறுக்கவில்லை. கன்னத்தில் விட்டான் ஒன்று. ஊசித் தட்டு தரையில் உருண்டது.

வார்டே பார்த்தது. பெரியவர் மட்டும், "அட பாவி, பொம்பளப் புள்ளைய..." என்று முனகினார்.

"மேல சொல்லாம உட மாட்டேன்!" கத்திக்கொண்டே போனான் பூபதி.

அடுத்த கட்டிலில் இருந்து ஓடிவந்த சிஸ்டர், முதலில் பெரியவர் கையைப் பிடித்து ஊசியைச் செருகினார். பிறகு வருகைப் பதிவேட்டைத் திறந்து எதையோ எழுதினார்.

"ஆஸ்டலுக்குப் போ."

"சிஸ்டர், என்னை அவர் அடிச்சாருங்க..."

"போன்னா போ சாமி. இன்னைக்கு உனக்கு ஆப்சென்ட்."

ஆப்சென்ட்! ஒரு நாள் விட்டால் ரெண்டு நாள் சேர்த்து டூட்டி பார்க்க வேண்டும். அடியும் வாங்கி, தண்டனையுமா?

"சிஸ்டரும் திருச்செங்கோடு, அந்த ஆளும் திருச்செங்கோடு. ஊர்ப்பாசம்டி," என்றாள் அறைத்தோழி ஜெர்லின்.

போனில் அழுத மகளுக்கு ஞானமேரி சொன்னாள்: "ஆண்டவர் பார்த்துக்குவார். எதுக்கும் நீ ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்துரு."

எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் கிளார்க் ஜோதி.

"பணியாளர் எண் சொல்லும்மா."

"நான் ஸ்டூடண்ட்டுங்க."

"எண் இல்லாட்டி இது ஏத்துக்காதே. இங்க வேலை பார்க்கறவங்களை அடிச்சாத்தான் கணக்கு, கண்ணு."

தாளை மடித்துக்கொண்டு திரும்பினாள் வினோலியா.

பூபதியின் புகாருக்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை. மறுநாளே விசாரணை. சூப்பிரண்டு மேடம் பூபதியையும், வார்டு சிஸ்டரையும், பயிற்சிப் பிள்ளைகளையும் கூப்பிட்டார். எழுதிக்கொள்ள ஜோதி கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள்.

மேடம் புகாரைச் சத்தமாகப் படித்தார். "எங்கப்பனுக்குக் கை வீங்கிவிட்டது. ஊசி குத்தியவரை ஆத்திரத்தில் ஒரு தட்டு தட்டினேன்." நிமிர்ந்தார். "யார் குத்தினது? படிக்கிற பிள்ளை தனியாகக் குத்தியிருந்தா, பயிற்சி இன்னையோட ரத்து. ஒரு வருஷம் போச்சு."

வினோலியா கையிலிருந்த தாளை இன்னும் சிறிதாக மடித்தாள். அடித்தான் என்று சொன்னால், குத்தினேன் என்றும் சொல்ல வேண்டும்.

"நான்தானுங்க மேடம்," என்றார் மலர்விழி சிஸ்டர். "கேஸ் ஷீட்ல என் கையெழுத்து இருக்குதுங்க."

பூபதி துள்ளி எழுந்தான். "பொய்யிங்க! இதா நிக்குதே, இந்தப் புள்ளதான்!"

"இந்தப் புள்ள அன்னைக்கு வரவே இல்லீங்க. பதிவேட்டைப் பாருங்க."

மேடம் பார்த்தார். சிவப்பு மையில் ஆப்சென்ட்.

வினோலியாவுக்கு அப்போதுதான் அந்த ஆப்சென்ட் எதற்கென்று புரிந்தது. வருஷம் தப்பியது. ஆனால், வராத பிள்ளையை யார் அடித்திருக்க முடியும்? வாங்கிய அறையும் அந்தச் சிவப்பு மையோடு அழிந்துபோனதே!

பூபதிக்கும் அது புரிந்துவிட்டது. கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"செரிங்க மேடம். வராத புள்ளைய நான் எப்படிங்க அடிக்கறது? அப்பறம் எம்மேல என்னங்க தப்பு?"

"அதெப்படிங்க?" சிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை. "குத்துனவங்களைத் தட்டினேன்னு உங்க கையாலயே எழுதியிருக்கீங்க. குத்துனது நான். ஜோதி, எழுதிக்கம்மா. டூட்டியில இருந்த நர்சை அடிச்சாரு. பணியாளர் எண் நூத்திப் பதினேழு."

ஜோதி வினோலியாவின் கன்னத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டினாள். கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.

வெளியே வந்ததும் வினோலியா, "சிஸ்டர்..." என்று கையைப் பிடிக்கப் போனாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வந்து சேரு. ஆப்சென்டுக்கு ரெண்டு நாள் டூட்டி இருக்குது."

சிஸ்டர் சொன்னது பொய்தான், நான் மறுக்கவில்லை. உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டு ஆளுக்கு நரம்பு சிக்காவிட்டால், ஊசி பிடித்திருக்கிற பிள்ளைக்கு இன்னொரு நிமிஷம் கொடுங்கள்.