கண்ணுக்குத் தெரியாத கேப்டன்

வியாசர்பாடியில் ஏறக்குறைய எல்லோரும் புதுக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். பிடிக்காதவரின் பெயரைச் சொன்னால் போதும், அவர் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் மறைந்துவிடுவார். ஊர் ஃபுட்பால் டீமை விட்டு எதிரணிக்குப் போன பழைய கேப்டன் டெல்வினை ரசிகர்கள் அப்படித்தான் ஒழித்திருந்தார்கள்.

அன்று டீக்கடையில், அவனை மன்னிக்கலாமா என்று விவாதம்.

"நம்மள வுட்டு ஓடுன நாயிடா," என்றான் சிரில்.

"கப்பு வாங்கிக் குடுத்தவன்டா," என்றான் உமாபதி.

கண்ணாடி போடாத கடைக்கார ரோஸி அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட லூசுங்களா, அவன் ஒங்க பின்னாலதான் நிக்கிறான். வாராவாரம் வந்து திட்டு வாங்கிக்கினு போறான்."

உமாபதி கண்ணாடியைக் கழற்றினான். டெல்வின் டீ கிளாஸோடு அசடு வழிந்தான்.

"ஏன்டா, வேற கடையே இல்லியா ஒனக்கு?"

"அந்த டீம்ல எப்டி ஆடுனாலும் கைதட்றாங்கோ மச்சான். என்னிய ஒழுங்கா திட்டத் தெரிஞ்சவங்கோ நீங்கதான்."

உமாபதி அதை அப்படியே சிரிலிடம் சொன்னான். சிரில் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஆனால் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தான்.