விரலில் ஒட்டாத கறுப்பு

“போச்சு, எல்லாம் போச்சு!” பெயின்ட் கடைக்காரர் முணுமுணுத்தார்.

பரிசோதனைக்கூட மேஜையில் ஜல்லியை இறுக்கி வார்த்த இரண்டு கட்டிகள். ரோட்டில் தார் போடுமுன் ஜல்லித் தளத்துக்குப் பூசும் ப்ரைமரை நேற்று அவற்றின்மேல் ஊற்றியிருந்தார்கள். அவர் மகள் தன் ஷெட்டில் தயாரித்ததை ஊற்றிய கட்டி காய்ச்சல்காரன் முகம்போல் களையிழந்து கிடந்தது. போட்டிக் கம்பெனியின் கட்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு மினுமினுப்பு.

பரிசோதகி வந்து, மகளின் கட்டியை விரலால் தேய்த்தாள். விரல் சுத்தமாக வந்தது. லேசாகச் சிரித்துக்கொண்டாள். அடுத்ததைத் தொட்டதும் விரலெல்லாம் கறுப்பு. “ச்சை!” என்று துணியில் துடைத்தபடி சுத்தியல் எடுக்க உள்ளே போனாள்.

சிரிக்கிறாளே பாவி! ஆயுசு முழுக்கப் பெயின்ட் விற்றவருக்குப் பூச்சைப் பற்றித் தெரியாதா என்ன? ஒட்டாததெல்லாம் ஒரு பூச்சா?

“இந்த ரோட்டு ஆர்டர் கிடைக்கலேன்னா ஷெட்டைப் பூட்டிட்டு உங்க கடையிலயே வந்து உக்காந்துடறேன், போதுமா?” என்று வரும்போதுதான் மகள் வெடித்திருந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவள் முகம் தொங்குவதைப் பார்க்கும் தெம்பு அவருக்கில்லை.

மகள் இன்னும் வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். சட்டென்று இரண்டு கட்டிகளையும் தூக்கி, அடியில் இருந்த பெயர்ச்சீட்டுகளை இடம் மாற்றினார். பெற்ற கடன்!

“ஏம்பா இப்படி வேர்த்து வழியுறீங்க?” என்றபடி மகள் உள்ளே வந்தாள்.

“புழுக்கம்மா.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கவலப்படாத, நீதான் ஜெயிப்ப. ஒன்ன நான் நம்பாம வேற யாரு நம்புவா?”

“யாரு, நீங்களா? நான் பாஸானதையே பக்கத்து வீட்டு சார்கிட்ட காட்டி ‘நெஜந்தானா’ன்னு கேட்டவராச்சே!”

பரிசோதகி வந்தாள். சீட்டைப் படித்தாள், மினுமினுத்த கட்டியில் ஒரே போடு. மேலே தோல்மட்டும் கறுப்பு. உள்ளே ஜல்லி வறண்டு வெளுத்திருந்தது.

“சாரிம்மா, உங்களோடது ஃபெயில். ப்ரைமர்னா அதைத் தளம் குடிச்சிடணும். இது மேலயே நின்னு சும்மா மினுக்குது.”

அடுத்ததை உடைத்தாள். நகத்தளவு ஆழத்துக்குக் கறுப்பு கச்சிதமாக இறங்கியிருந்தது. “இது பாருங்க, அருமை!”

கடைக்காரர் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மகள் உடைந்த கட்டிகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் நெற்றியில் பட்டையாக இழுத்திருந்த ஈரக் கறுப்பைப் பார்த்தாள்.

“அப்பா, சீட்ட மாத்தினீங்களா?”