மாடியில் நார்வே

வேலை தேடி இனி யாரும் தூத்துக்குடியை விட்டுப் போக வேண்டாம் என்று பேண்டு வாத்தியம் வைத்து மாநகராட்சி அறிவித்த வருடம், ஜெபஸ்டினுக்கும் வேலை கிடைத்தது. நார்வே துறைமுகக் கிரேன் ஒன்றை அவன் தன் வீட்டு மாடி அறையிலிருந்தே இயக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்வரை அந்த அறை நார்வேயில் சேர்த்தி. கதவு திறக்காது. சாப்பாடு மட்டும் சுவரிலிருந்த சின்னத் திறப்பு வழியே உள்ளே போகும்.

"அப்பா வெளிநாட்டுல இருக்காவ" என்றுதான் அவன் மனைவி ரெக்ஸி, மகள் டெல்பினிடம் சொல்லியிருந்தாள். மாடியில் இருப்பது வாடகைக்கு வந்த ஆளாம். கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டே வராத அப்பாவைவிட, தூரத்தில் இருக்கும் அப்பா பிள்ளைக்குத் தேவலை என்று நினைத்தாள்.

ஒப்பந்தம் முடிந்த காலையில், ஏர்போர்ட்டுக்குப் போகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு டெல்பின் வாசலில் நின்றாள். ரெக்ஸி அவளை உள்ளே கூப்பிட்டாள். மாடிப்படியில் ஜெபஸ்டின் இறங்கி வந்துகொண்டிருந்தான். வெயில் படாத முகம் வெளுத்திருந்தது.

டெல்பின் அவனையும், மேலே திறந்திருந்த கதவையும் பார்த்தாள்.

"நீங்க இங்கதான் இருந்தியளா?"

"ஆமா மக்கா."

"காய்ச்சல்ல ராத்திரி பூரா உங்களத்தான கூப்பிட்டேன்."

அவனுக்குப் பொய் வரவில்லை.

"கேட்டுச்சு மக்கா."

டெல்பின் திரும்பி, அம்மாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"வாங்கம்மா, ஏர்போர்ட்டுக்குப் போவோம். அப்பா வந்து நிப்பாவ."