காலி வரிசை

கோப்பைத் திறந்ததுமே பார்த்துவிட்டாள். மருந்துச் சோதனையின் ஒட்டுறவு அட்டவணையில் ஒரு வரிசை முழுக்கக் காலி.

மற்ற கட்டங்களில் எண்கள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. வயதுக்கும் எடைக்கும் எவ்வளவு தொடர்பு, மருந்தின் அளவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எவ்வளவு தொடர்பு, எல்லாம் வந்திருந்தது.

'நோய் திரும்பியதா' என்ற வரிசையில் மட்டும் ஒன்றுமில்லை.

மென்பொருளுக்குப் போய் அட்டவணையை மறுபடி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தாள். மறுபடியும் காலி.

மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். கூட்டத்தில் மணிக்கணக்காகப் பேசுவார். கணக்கு என்றால் காத தூரம் ஓடுவார்.

"என்னம்மா இது, பாதியை முழுங்கிட்டு வந்திருக்கு? எக்ஸ்போர்ட்ல ஏதோ கோளாறு. இன்னொரு தடவை எடுத்துப் பாரு."

கோளாறு எதுவுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தால்தான் கணக்கு நடக்கும். எல்லாருக்கும் ஒரே பதில் என்றால் மாறுபாடு பூஜ்ஜியம். அப்புறம் எதோடு எதற்குத் தொடர்பு என்று சொல்வது? மென்பொருள் கையை விரித்துவிடும்.

போன மாதம் வரை மாறுபாடு இருந்தது. புது மருந்து சாப்பிட்டவர்களில் ஒரே ஒருவருக்கு நோய் திரும்பவில்லை. அந்த ஒருவரின் புண்ணியத்தில்தான் வரிசை முழுக்க எண்கள் ஓடின.

அவர் யார் என்று கோப்பில் கிடையாது. இங்கே நோயாளிகளுக்குப் பெயர் இல்லை, எண்தான்.

அத்தனை பேருக்கும் குணமாகியிருந்தாலும் இதே பூஜ்ஜியம்தானே வரும் என்று ஒரு நப்பாசை எழுந்தது. எழுந்த வேகத்திலேயே செத்தும் போனது. ஏற்கெனவே திரும்பிவிட்ட நோயை இல்லையென்று யார் மாற்றி எழுதப் போகிறார்கள்?

மூலப் பதிவைத் திறந்தால் ஒரு நொடியில் உறுதியாகிவிடும். கை வரவில்லை.

மேசையில் கைபேசி அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, ஆஸ்பத்திரியில நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நல்ல சேதியாத்தான் இருக்கும். இந்த மருந்துல தப்பிச்சது நான் ஒருத்தன்தான்னு நர்ஸம்மா போன தடவையே சொன்னாங்கல்ல?"

ஆமாண்டா என்றாள்.

அப்புறம் மேலாளர் சொன்னபடியே இன்னொரு தடவை எக்ஸ்போர்ட் செய்தாள்.