அனு அக்கா வீட்டுச் சோறு

"அனுக்கா வீட்லயே சாப்ட்டேம்மா. பசி இல்ல."

தமிழ்மொழி தட்டைத் தள்ளிவிட்டாள். மனோரமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செஞ்சிக் கடைத்தெருவில் கீழே கணவரின் பாத்திரக் கடை, மேலே வீடு. ராஜகிரிக் கோட்டையைக் காட்டி, குரங்கைக் காட்டி, கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாலும் நாலு வாய்க்கு மேல் வாங்காத ஏழு வயதுப் பெண் அது. எதிர்வீட்டில் இருக்கும் தன் அண்ணனுக்குச் சமைத்துப்போட அனு வந்ததிலிருந்து, அங்கே தட்டை வழித்துச் சாப்பிடுகிறதாம்.

"அப்படி இன்னாடி ருசி அங்க?"

"அனுக்கா சோறு போற வழியச் சொல்லும். பல்லு அரைக்கும், எச்சில் நனைக்கும். அப்புறம் உணவுக்குழாய் பிசைஞ்சு பிசைஞ்சு கீழ தள்ளும். தலைகீழா நின்னாலும் சோறு இரைப்பைக்குத்தான் போவுமாம். அங்க அமிலம் கலந்து கூழாயிடும். அப்புறம் சிறுகுடல். பெரியவங்களுக்கு அத நீட்டினா நம்ம மொட்டைமாடிலேர்ந்து தெரு வரைக்கும் தொங்குமாம். அதுதான் சத்தையெல்லாம் ரத்தத்துக்கு அனுப்புது. மிச்சத்துல இருக்கிற தண்ணிய பெருங்குடல் உறிஞ்சிக்கும். அப்புறம்..." சொல்ல முடியாமல் சிரித்தாள்.

"அவளும் உங்கூட சாப்பிடுவாளா?"

"இல்ல. நான் முழுங்கறதையே பாத்துக்கிட்டு இருக்கும்."

பார்ப்பாள், பார்ப்பாள். பெற்றவள் கையில் இறங்காத சோறு தன் கையில் இறங்குகிறதே என்று ரசித்துப் பார்ப்பாள்.

மறுநாள் மனோரமா சிங்கவரத்து வேர்க்கடலையைப் பதமாக வறுத்து மல்லாட்டைத் துவையல் அரைத்தாள். கத்திரிக்காய் காரக்குழம்பு வைத்தாள். மகள் பள்ளிக்கூடம் போனதும் டப்பாவோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மூடியைத் திறந்ததும் அனு கண்ணை மூடி முகர்ந்தாள்.

"வாசனையே ஆளைத் தூக்குதுக்கா. பாப்பா வந்ததும் குடுக்கறேன்."

"பாப்பாவுக்கு இல்ல, உனக்கு. என் எதிர்ல ஒரு வாய் சாப்ட்டுச் சொல்லு. உன் கைல இன்னா இருக்குது, என் கைல இன்னா இல்லன்னு நானும் தெரிஞ்சிக்கறேன்."

"வேணாங்க்கா."

"ஏன், எஞ்சமையல் உனக்கு இறங்காதா?"

அனு டப்பாவை மூடி வைத்தாள். பிறகு துப்பட்டாவை ஒதுக்கி, சட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் உயர்த்தினாள். வயிற்றிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று வெளியே வந்து, மடித்து ஒட்டப்பட்டிருந்தது.

"இறங்காதுக்கா. உணவுக்குழாய் அடைச்சுப்போய் ரெண்டு வருஷமாவுது, கஞ்சி எல்லாம் இது வழியாத்தான். அதான், பாப்பா ஒவ்வொரு வாய் முழுங்கறப்பவும் சோத்துக்கூடவே நானும் பேசிக்கிட்டே போறேன்."