கதவைச் சாத்திக் கேட்ட கிட்டார்

"இதைவிடச் சின்னது இல்லையாண்ணா?"

இதைவிடச் சின்னது என்றால் பொம்மைக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று கடைக்காரருக்கு வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். வெளியே மழை. மத்தியானத்திலிருந்து கடைக்குள் காலெடுத்து வைத்த ஒரே ஆள் இந்தப் பெண்தான்.

"இருக்கும்மா. முதல்ல எதுக்குன்னு சொல்லுங்க. மேடைக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்கு. பாட்டு கட்டுறதுக்கு." அவள் ஈரக் குடையை மடக்கினாள். "தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, மெதுவாப் பாடுற மாதிரிப் பாட்டு. பெரிய கிட்டார்னா குரலை முழுங்கிடும், இல்ல?"

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெருவே அவரைச் 'சுருதி அண்ணன்' என்றுதான் கூப்பிடும். கதவுக் கீல் சுருதி விலகிக் கிரீச்சிட்டால்கூட அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. விவரம் தெரிந்த ஆள் வந்துவிட்டால் வியாபாரமே மறந்துவிடும்.

"கரெக்டாச் சொன்னீங்க! வயிறு பெருத்த கிட்டார் ஆளையே அமுக்கிடும். வயிறு சின்னதா, இடுப்பு ஒடுங்கி இருந்தா குரலை முன்னால விட்டுட்டு அது பின்னாலயே நடந்து வரும். ஆமா, பழசு என்னாச்சு?"

"கீழ விழுந்து பிளந்துடுச்சுண்ணா." அவள் முகம் வாடியது. "அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உயிரே போயிடுச்சு. ஒரு பாட்டு பாதியில நிக்குது. அது அப்படியே செத்துடுமோன்னு பயமா இருக்கு."

"எங்கே, கொஞ்சம் முனகிக் காட்டுங்க."

அவள் வெட்கப்பட்டாள். பிறகு கண்ணை மூடி, உதடு பிரிக்காமல் முனகினாள். கட்டவிழ்ந்த படகு தானாக நகர்வது மாதிரி இருந்தது அந்த மெட்டு. சுவரில் தொங்கிய கிட்டார்களில் ஏதோ ஒன்றின் கம்பி பதிலுக்கு லேசாக அதிர்ந்தது. சட்டென்று முனகல் நின்றது. அடுத்து எங்கே போகும் என்று தெரியாமல் கடைக்காரருக்கும் தவிப்பாகிவிட்டது.

"அவ்வளவுதாண்ணா இருக்கு."

"அடடா! இதெல்லாம் எப்பம்மா வருது?"

"சாயங்காலத்துல. வேலை முடிஞ்சு வந்து, லைட்டுகூடப் போடாம சும்மா உக்காந்திருப்பேன். மெதுவா வரும். வந்துட்டா அன்னிக்குப் பட்ட பாடெல்லாம் மறந்துடும்." கொஞ்சம் தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்க. நான் அந்த உள் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிறேன். நீங்க இங்கேருந்து வாசிக்கிறீங்களா?"

கடைக்காரருக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒட்டினாற்போல் வீடுகள். அப்பளம் மாதிரிச் சுவர். பக்கத்து வீட்டில் பாட்டென்றாலே ஆகாத ஒரு ஜென்மம். பாவம், பயந்து பயந்து பாடுகிறாள்.

இருப்பதிலேயே சத்தம் குறைந்ததாக ஒன்றை எடுத்து மீட்டினார். கதவு திறந்தது.

"ஒண்ணுமே கேக்கலையேண்ணா!"

"அதானேம்மா வேணும்! உங்க பக்கத்து வீட்டுச் சிடுமூஞ்சிக்கு ஒரு பொட்டுச் சத்தம் போகாது. நான் கேரண்டி."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "இது வேணாம்ணா," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்ததை வாசித்தார். "திம்திம்னு இடிக்குது. இதுக்கு மேல பாடினா வார்த்தை புரியாது," என்றாள். அதற்கடுத்தது தகரம் தட்டுகிறதாம். சுருதி அண்ணனுக்கே மூச்சு வாங்கியது. ஆனாலும் கோபம் வரவில்லை. அந்தப் பாதி மெட்டு காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் மூலையில் ஒன்று கண்ணில் பட்டது. பழுப்பு நிறம், குட்டைக் கழுத்து, மடியில் வைத்தால் பூனைக்குட்டி அளவு. பளபளப்பு இல்லாததால் யாரும் சீண்டாதது. தூசியைத் துடைத்து, கம்பிகளை முறுக்கிச் சரிசெய்து, அவள் முனகிய மெட்டையே விரலால் வருடி வருடி வாசித்தார். மெட்டு நின்ற இடத்தில் அவரும் நிறுத்தினார்.

இந்தத் தடவை கதவு திறக்கவில்லை.

லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, சுவரில் காதை வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"இதேதாண்ணா," என்றாள்.

கடைக்காரர் விலையில் தானாகவே கொஞ்சம் குறைத்தார். கிட்டாரைப் பெட்டிக்குள் கிடத்தி, வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"நம்ம கடையில ஒரு வழக்கம்மா. வாசிக்கிறவங்க பேரை நானே என் கையால எழுதிப் பெட்டிக்குள்ள ஒட்டித் தருவேன். சொல்லுங்க, என்ன பேரு?"

அவள் பெட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"பேரு தெரியாதுண்ணா. பிளந்தது குப்பைத் தொட்டிகிட்ட கிடந்துச்சு, அளவு அதுல பாத்ததுதான். இதை அந்தப் பாட்டுக்காரர் வாசல்ல வச்சிட்டு ஓடிடணும்."

பேனா அப்படியே நின்றது.

"சொன்னீங்களேண்ணா, பக்கத்து வீட்டுச் சிடுமூஞ்சின்னு… அது நான்தான்."